நகல் பாடியவர் அசல் குழுவில் சேர்ந்தார்! 7 வருடம் கழித்து இடத்தை இழந்தார்!

அபிமான நடிகர் படத்தைப் பர்சில் வைத்திருப்பவர்கள் உண்டு. அபிமான பாடகர் மாதிரியே தலை வாரிக்கொள்பவர்கள் உண்டு. ஒரு படி மேலே போய், அவர் குரலிலேயே மேடையில் பாடிக் கைதட்டல் வாங்குகிறவர்களும் உண்டு.

ஆனால் அந்தப் பாடகர் ஒரு நாள் குழுவை விட்டுப் போய், அந்த இடத்துக்கே ரசிகருக்கு அழைப்பு வந்தால்? “சினிமாவில்தான்யா இதெல்லாம் நடக்கும்” என்பீர்கள். அமெரிக்காவில் ஒரு வாலிபருக்கு நிஜமாகவே நடந்தது. பிறகு அதை சினிமாவாகவும் எடுத்துத் தள்ளினார்கள். ஆனால் சினிமா முடிந்த பிறகும் அவர் கதை முடியவில்லை. ருசிகரமான பகுதியே அதற்குப் பிறகுதான் வருகிறது.

அவர் பெயர் டிம் ஓவன்ஸ். அவர் உயிரை விட்ட குழுவின் பெயர் ஜூடாஸ் பிரீஸ்ட்.

டயர் நகரத்து வாலிபர்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரான் என்று ஒரு நகரம். ஒரு காலத்தில் உலகத்தின் ரப்பர் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் என்று டயரில் படிக்கிற பெயர்கள் எல்லாம் அந்த ஊரில் வளர்ந்தவைதான். 1970-களிலும் 80-களிலும் டயர் ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவை மூடின. ஊரில் ரப்பர் வாடை குறைந்தது. வேலையும் குறைந்தது.

அந்த ஊரில் 1967-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி பிறந்தவர் ஓவன்ஸ். பள்ளிக்கூட வயதிலேயே ‘ஹெவி மெட்டல்’ பைத்தியம் பிடித்துக்கொண்டது.

ஹெவி மெட்டல் என்றால் தாலாட்டுப் பாட்டு அல்ல. இரண்டு மின்சார கிட்டார்கள் சேர்ந்து கர்ஜிக்கும். டிரம் அடிக்கிற அடியில் நெஞ்சுக்கூடு அதிரும். அத்தனை சத்தத்தையும் மீறிக்கொண்டு பாடகரின் குரல் உச்சிக்குப் போக வேண்டும். போனால்தான் பாடகர். இல்லாவிட்டால் மைக் பிடித்த ஆசாமி, அவ்வளவே.

இந்த வகைப் பாட்டுக்கு இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் சுற்று வட்டாரம் தாய்வீடு. ஆலைப் புகையும் இரும்புச் சத்தமும் நிறைந்த பகுதி. அங்கே 1969-ல் முளைத்த குழுதான் ஜூடாஸ் பிரீஸ்ட். 1973-ல் ராப் ஹால்ஃபோர்டு என்ற பாடகர் வந்து சேர்ந்தார். அதன் பிறகு குழுவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

கறுப்புத் தோல் உடுப்பு, உடம்பெல்லாம் இரும்பு ஆணி, மேடை மேலேயே மோட்டார் சைக்கிளில் தடதடவென்று வந்து இறங்குவார் ஹால்ஃபோர்டு. ரசிகர்கள் அவருக்கு வைத்த பட்டம் ‘மெட்டல் கடவுள்’. கிட்டாருக்கு கிளென் டிப்டன், கே.கே.டவுனிங் என்று இரண்டு பேர். பேஸ் கிட்டாருக்கு இயான் ஹில். 1980-ல் வந்த ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ ஆல்பத்தின் அட்டையில், கையில் ஒரு ராட்சத சவர பிளேடு. அந்த அட்டையைப் பார்த்தே பிள்ளைகளைத் திட்டிய பெற்றோர் எத்தனையோ!

வால் பிடித்த குழு

ஓவன்ஸ் சும்மா கேட்டுவிட்டுப் போகிற ரசிகர் அல்ல. ஹால்ஃபோர்டு எந்த இடத்தில் குரலை உயர்த்துகிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்பது வரை அத்துபடி. ‘விண்டர்ஸ் பேன்’ என்ற குழுவில் சொந்தப் பாட்டுகள் பாடினார். 1993-ல் ஒரு ஆல்பமும் வந்தது. பணம் வரவில்லை.

அதனால் இன்னொரு குழு. இதில் பாடுவது எல்லாம் ஜூடாஸ் பிரீஸ்ட் பாட்டுகள் மட்டுமே. குழுவின் பெயரே ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’. இப்படி ஒரே குழுவின் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடும் குழுக்கள் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் உண்டு. சனி, ஞாயிறு என்றால் ஏதாவது ஒரு மதுக்கூட மேடையில் கச்சேரி இருக்கும். வருகிறவர்களுக்கு அசலைப் பார்க்க டிக்கெட் கிடைத்திருக்காது, காசும் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அசல்தான் என்று திருப்தி.

பகலில் ஓவன்ஸுக்கு வேறு வேலை. அலுவலகங்களுக்குக் காகிதம், பேனா மாதிரி சாமான்கள் விற்கிற விற்பனையாளர். இரவானால் ஹால்ஃபோர்டு, விடிந்தால் பேனா, பென்சில்! இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது வண்டி.

மோதியது மோட்டார் சைக்கிள்

இதே நேரத்தில் அசல் குழுவில் என்ன நடந்தது தெரியுமா?

1991 ஆகஸ்ட் மாதம் கனடாவின் டொரான்டோ நகரில் கச்சேரி. மேடை முழுக்கச் செயற்கைப் பனிமூட்டம். ஹால்ஃபோர்டு வழக்கம்போல் மோட்டார் சைக்கிளில் சீறி வந்தார். அவருக்கு முன்னால் டிரம் மேடை பாதி தூக்கிய நிலையில் நின்றது. புகையில் கண் தெரியவில்லை. மோதிக் கீழே விழுந்தார். மூக்கு உடைந்தது. நினைவு தப்பிவிட்டது. மற்றவர்கள் அவர் இல்லாமலே வாசிக்க, கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து மிச்சக் கச்சேரியைப் பாடி முடித்தார் மனுஷன்!

ஆனால் அந்தச் சுற்றுப்பயணத்தோடு சரி. மறு ஆண்டே ஹால்ஃபோர்டு குழுவை விட்டு விலகித் தனிக்குழு தொடங்கினார். ஜூடாஸ் பிரீஸ்ட் கடையைக் கட்டிவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். புதுப் பாடகரைத் தேடினார்கள். கேசட்டுகள் வந்து குவிந்தன. ஒன்றும் பிடிக்கவில்லை. நாலு வருடம் மேடை காலி.

அடித்தது யோகம்!

பென்சில்வேனியா மாநிலத்தில் ஈரி என்ற ஊர். அங்கே ஓவன்ஸின் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ கச்சேரி. கூட்டத்தில் இரண்டு ரசிகைகள் வீடியோ கேமராவோடு நின்றிருந்தார்கள். படம் சுமார்தான். ஆனால் குரல்? அது கேசட்டில் அப்படியே விழுந்திருந்தது.

அந்த கேசட் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் டிரம் வாத்தியக்காரர் ஸ்காட் டிராவிஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது. டிராவிஸும் லேசுப்பட்டவர் அல்ல. அவரே ஒரு காலத்தில் இந்தக் குழுவின் ரசிகர். கச்சேரி நடக்கும் அரங்கத்துக்கு வெளியே, வண்டி நிறுத்துகிற இடத்தில் டிரம்மைப் பரப்பி வைத்து வாசித்தால் உள்ளே இருப்பவர்கள் எட்டிப்பார்க்க மாட்டார்களா என்று திட்டம் போட்டவராம்! 1989-ல் குழுவில் சேர்ந்தவர். ஒரு ரசிகரின் கேசட்டை இன்னொரு ரசிகர் பார்த்தால் விடுவாரா? மற்றவர்களுக்கும் போட்டுக் காட்டினார்.

1996-ல் ஓவன்ஸை விமானம் ஏற்றி பிரிட்டனுக்கு வரவழைத்தார்கள். களைப்பு தீர்வதற்குள்ளேயே குரல் சோதனை. ‘விக்டிம் ஆஃப் சேஞ்சஸ்’ என்ற பழைய பாட்டு. முதல் வரியைப் பாடி முடித்ததுமே, வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள் என்று பல முறை சொல்லப்பட்ட கதை.

அங்கேயே பட்டப்பெயரும் விழுந்தது. 1976-ல் ‘ரிப்பர்’ என்று இந்தக் குழு ஒரு பாட்டுப் போட்டிருந்தது. லண்டனைக் கதிகலங்க அடித்த பழைய கொலைகாரன் பற்றியது. அதை ஓவன்ஸ் பாடிய விதத்தைப் பார்த்து ‘ரிப்பர்’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அவர் ‘ரிப்பர் ஓவன்ஸ்’தான்.

வயது 28. பேனா, பென்சில் வேலைக்குக் கும்பிடு போட்டார். சுவரில் ஒட்டும் படங்களில் இருந்தவர்கள் இப்போது பக்கத்தில் நின்று கிட்டார் வாசிக்கிறார்கள். யாருக்குக் கிடைக்கும் இந்த யோகம்?

வீடு பெரிசு, சாவி?

1997-ல் ‘ஜுகுலேட்டர்’ ஆல்பம் வந்தது. முன்னைவிடக் கரடுமுரடான பாட்டுகள். எல்லாம் டிப்டனும் டவுனிங்கும் எழுதியவை. பாட வந்தவர் பாடினார். 2001-ல் ‘டெமாலிஷன்’. அதிலும் பாட்டு எழுதியவர்கள் பட்டியலில் ஓவன்ஸ் பெயர் இல்லை. புது மாப்பிள்ளைக்கு வீட்டில் தடபுடல் விருந்து உண்டு. பெட்டிச் சாவி மட்டும் மாமனார் இடுப்பில்தான்!

குரலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஹால்ஃபோர்டு பாடியதையும் பாடினார், அவர் தொடாத கனத்த உறுமலையும் காட்டினார். 1998 சுற்றுப்பயணத்தில் பதிவு செய்த ‘லைவ் மெல்ட்டவுன்’ இரட்டைத் தட்டைக் கேட்டால் தெரியும். ஜுகுலேட்டரில் வந்த ‘புல்லட் டிரெயின்’ பாட்டு 1999-ல் கிராமி விருதுப் போட்டி வரை போயிற்று. விருதை மெட்டாலிகா குழு தட்டிக்கொண்டு போய்விட்டது.

பாட்டு நன்றாக இருந்தது, கல்லாதான் நிரம்பவில்லை. ஹால்ஃபோர்டு பாடிய கடைசி ஆல்பமான 1990-ம் ஆண்டு ‘பெயின்கில்லர்’ அமெரிக்கப் பட்டியலில் 26-ம் இடம் வரை ஏறியது. ஜுகுலேட்டர் 82-ல் நின்றது. டெமாலிஷன் 165. பெரிய அரங்குகள் போய், சின்ன அரங்குகள் வந்தன.

இதில் ஓவன்ஸ் தப்பு ஒன்றும் இல்லை. 1990-களில் அமெரிக்க வாலிபர்களின் ரசனையே மாறிவிட்டது. தோல் உடுப்பு போய், கசங்கிய சட்டை போட்ட சியாட்டில் நகரத்துக் குழுக்களின் ராஜ்யம். ஆனால் ரசிகர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவையா? ஒரு கூட்டம் புதியவரைத் தோளில் தூக்கியது. இன்னொரு கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஹால்ஃபோர்டு இல்லாத ஜூடாஸ் பிரீஸ்ட் என்ன ஜூடாஸ் பிரீஸ்ட் என்று கேட்டது.

இங்கேதான் வேடிக்கை. அந்த இரண்டாவது கூட்டத்தின் மனசு ஓவன்ஸுக்குத் தெரியாதா? அவரும் அந்தக் கூட்டத்தில் இருந்து வந்தவர்தானே! மேடையில் நிற்கிற ரசிகருக்கும் கீழே நிற்கிற ரசிகருக்கும் தலைவர் ஒருவரே, ஹால்ஃபோர்டு. வெளியாளாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இவர் யாரோடு சண்டை போடுவது?

சினிமாவில் ஜெராக்ஸ் மெக்கானிக்!

1997 ஜூலையில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகை ஓவன்ஸ் கதையை விரிவாக வெளியிட்டது. எழுதியவர் ஆண்ட்ரூ ரெவ்கின். பின்னாளில் பூமி சூடாவது பற்றி எழுதிப் பேர் வாங்கியவர் இவர்தான்.

கட்டுரையைப் பார்த்ததும் ஹாலிவுட் ஓடி வந்தது. 2001 செப்டம்பரில் ‘ராக் ஸ்டார்’ படம் வெளியானது. கதாநாயகன் மார்க் வால்பெர்க். நகல் குழுவில் பாடுகிறவன், அசல் குழுவில் சேருகிறான். பகலில் அவனுக்கு வேலை என்ன தெரியுமா? ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர்! நகல் எடுக்கிற மெஷின், நகல் எடுக்கிற பாடகன். கதை எழுதியவர் குறும்புக்காரர்தான்.

படம் எடுத்தவர்களுக்கும் குழுவுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜூடாஸ் பிரீஸ்ட் ஒதுங்கிக்கொண்டது. படத்தில் குழுவின் பெயரே மாறிவிட்டது. குடி, கும்மாளம் என்று மசாலா தூவி, கடைசியில் ஹீரோ அலுத்துப்போய்க் குழுவை உதறிவிட்டு சியாட்டில் போய் வேறு மாதிரி பாட ஆரம்பிக்கிறார். அது என் கதை இல்லை என்று ஓவன்ஸ் சொல்லிவிட்டார். உண்மைதான். நிஜத்தில் அவர் எதையும் உதறவில்லை. உதறுகிற ஆளும் இல்லை.

தலைவர் திரும்பினார்!

2003 ஜூலையில் அந்தச் செய்தி வந்தது. ஹால்ஃபோர்டு மறுபடியும் ஜூடாஸ் பிரீஸ்ட்டில்! உலகம் முழுக்க ரசிகர்களுக்குக் குஷி தாங்கவில்லை. 2004-ல் ‘ஓஸ்ஃபெஸ்ட்’ திருவிழா மேடையில் பழைய ஆட்கள் ஐந்து பேரும் சேர்ந்து நின்றார்கள். 2005-ல் புது ஆல்பம்.

ஓவன்ஸ் வெளியே.

கோர்ட்டு, வழக்கு, கூச்சல் ஒன்றும் கிடையாது. இது வரும் என்று எதிர்பார்த்தே இருந்ததாகப் பேட்டிகளில் சொன்னார். பிழைப்புக்கும் வழி தயாராக இருந்தது. ‘ஐஸ்டு எர்த்’ என்ற அமெரிக்கக் குழுவில் போய்ச் சேர்ந்தார். அவர் பாடிய அந்தக் குழுவின் ஆல்பம் 2004 ஜனவரியில் கடைக்கு வந்துவிட்டது. பிறகு ஸ்வீடன் நாட்டு கிட்டார் மன்னன் இங்வே மால்ம்ஸ்டீனுடன் 2008-ல் ஒரு ஆல்பம். 2009-ல் தன் பெயரில் ஒன்று. நடுவில் சொந்த ஊரான ஆக்ரானில் உணவு விடுதியும் நடத்திப் பார்த்தார்.

பாடுவதை மட்டும் நிறுத்தவில்லை. எந்த ஊர் மேடை ஆனாலும் பாதிப் பாட்டு ஜூடாஸ் பிரீஸ்ட் பாட்டு. ஒரு வித்தியாசம் உண்டு. முன்பு இரவல் பாட்டு. இப்போது அதில் ‘பர்ன் இன் ஹெல்’ மாதிரி தன் குரலில் பதிவான பாட்டுகளும் சேர்ந்துகொண்டன. அசல் குழு தன் மேடையில் அந்த இரண்டு ஆல்பங்களை ஒதுக்கி வைத்துவிட்டது. அந்தப் பாட்டுகளைக் கேட்க வேண்டுமானால் ஓவன்ஸிடம்தான் போக வேண்டும்.

வந்தார் இன்னொரு ரசிகர்

ஜூடாஸ் பிரீஸ்ட்டுக்கு ரசிகர்கள் மேல் உள்ள ராசி விடவில்லை. 2011-ல் டவுனிங் கிட்டாரை வைத்துவிட்டு விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் லண்டன் வாலிபர் ரிச்சி ஃபாக்னர். ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ ஆல்பம் வந்த அதே 1980-ல் பிறந்தவர். இந்தப் பாட்டைக் கேட்டே வளர்ந்தவர்.

டவுனிங் மாதிரியே பொன்னிறக் கூந்தல். பார்க்கும்போதே நகல், நகல் என்று முணுமுணுத்தார்கள். ஆனால் ஃபாக்னர் பாட்டு எழுதுவதிலும் பங்கு கேட்டார், கிடைத்தது. 2014 முதல் வந்த ஒவ்வொரு ஆல்பத்திலும் பாட்டு எழுதியவர்கள் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது. ஓவன்ஸுக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது.

அவர் உயிரையே வைத்து வாசித்தவர் என்று சொன்னாலும் தகும். 2021 செப்டம்பர் 26-ந் தேதி அமெரிக்காவின் லூயிவில் நகரத் திருவிழா. ‘பெயின்கில்லர்’ பாட்டு நடந்துகொண்டிருந்தது. மேடையிலேயே அவர் இதயத்தின் பெரிய ரத்தக்குழாய் வெடித்தது. வலியைப் பொறுத்துக்கொண்டு பாட்டை முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பல மணி நேர ஆபரேஷன். பிழைத்து மறு ஆண்டே மேடை ஏறினார்.

7 பேர் பட்டியல்

2022-ல் ‘ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம்’ ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவை கௌரவித்தது. அந்தத் துறையில் பெரிய மரியாதை. நவம்பர் 5-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் விழா. பகையை மறந்து டவுனிங்கும் வந்து ஒரே மேடையில் வாசித்தார். ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள்.

மண்டபத்தில் பெயர் பொறிக்கப்பட்டவர்கள் 7 பேர். ஹால்ஃபோர்டு, டிப்டன், டவுனிங், ஹில், டிராவிஸ், பழைய டிரம் வாத்தியக்காரர்களான லெஸ் பிங்ஸ், மறைந்த டேவ் ஹாலண்ட். இதில் பிங்ஸ் குழுவில் இருந்தது 1977 முதல் 1979 வரை.

7 வருடம் பாடிய ஓவன்ஸ் பெயர் இல்லை. ஃபாக்னர் பெயரும் இல்லை. ஆனால் ஃபாக்னர் குழுவில் இருக்கிறார், நாளைக்குக்கூட வாசிப்பார். ஓவன்ஸ் நிலை அப்படியா? ஹால்ஃபோர்டு இல்லாத காலத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தவர் அவர். அவர் மட்டும் வராமல் இருந்தால் 2003-ல் தலைவர் திரும்பி வருவதற்குக் குழு என்று ஒன்று மிஞ்சி இருக்குமா என்பதே சந்தேகம். பட்டியல் போட்டவர்கள் இதை யோசித்திருக்கலாம்.

இன்னொரு விசேஷம். அந்தப் புகழ் மண்டபத்தின் கட்டிடம் இருப்பது லாஸ் ஏஞ்சல்ஸில் அல்ல. ஒஹையோ மாநிலத்து கிளீவ்லாந்து நகரில். ஓவன்ஸின் ஆக்ரானில் இருந்து 60 கிலோமீட்டர் சொச்சம்தான். காரில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் வாசலுக்குப் போய்விடலாம்.

டவுனிங் கூப்பிட்டார்

ஓவன்ஸுக்கு வேறொரு கதவு அதற்கு முன்பே திறந்திருந்தது. 2018-ல் கிளென் டிப்டனுக்கு நடுக்கவாத நோய் என்று அறிவிப்பு வந்தது. கச்சேரிகளில் அவரால் முழுசாக வாசிக்க முடியாது. தன்னைக் கூப்பிடுவார்கள் என்று டவுனிங் நினைத்தார். கூப்பிடவில்லை. குழுவின் ஆரம்ப கால ஆளுக்கே அந்தக் கதி!

2019 நவம்பரில் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் டவுனிங் ஒரு கச்சேரி வைத்தார். பாடுவதற்கு யாரைக் கூப்பிட்டார்? ஓவன்ஸைத்தான். அடுத்த வருடமே புதுக் குழு அறிவிப்பு. பெயர் ‘கே.கே.’ஸ் பிரீஸ்ட்’. வெளியே நின்ற இரண்டு பேர் சேர்ந்து தெருவுக்கு எதிர்ப்புறம் கடை போட்டது போல!

2021-ல் முதல் ஆல்பம். 2023-ல் இரண்டாவது. அந்த 2023 ஜூலையில் அதே வுல்வர்ஹாம்ப்டனில் புதுக்குழுவின் முதல் கச்சேரி. மைக் முன்னால் ஆக்ரான்காரர், வயது 55. பக்கத்தில் டவுனிங், வயது 71. புதுப் பாட்டுகளுக்கு நடுவே பழைய ஜூடாஸ் பிரீஸ்ட் பாட்டுகளும் வரிசையாக வந்தன. கீழே நின்ற கூட்டம் ஒரு வரி விடாமல் கூடவே பாடியது.